டூமாஸ் படத்துல ரெண்டு இடம் சிக்கிருக்குங்க: நட்சத்திரக் கொத்தா இல்லையான்னு எப்படிப் பாக்கறது?

பின்னல்துணி
ஞாயிறு, இரவு 11:42

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வருசமா இங்க சும்மா படிச்சுட்டுப் போறவன், பதிவு போடறது இதான் முதல் தடவை.

எனக்கு வேலை திருப்பூர்ல ஒரு பின்னலாடை கம்பெனில, ஃபேப்ரிக் செக்கிங். துணி ரோல் மேல இருந்து கீழ ஓடும். பின்னாடி ட்யூப்லைட் எரியும். முன்னாடி நின்னு ஓட்டை, ஆயில் கறை, நீடில் லைன் எல்லாம் பாத்து ஸ்டிக்கர் ஒட்டோணும். பதினாறு வருசம் ஆச்சுங்க. படிச்சது பிளஸ் டூ. ஆனா ஒரே மாதிரி ஓடற பரப்புல எங்க மாறுதோ அங்க கண்ணு தானா நின்னுக்கும். அந்தத் தைரியத்துலதான் புது நட்சத்திரக் கொத்து, அதாவது ஒண்ணாப் பொறந்து சேந்து நிக்கற நட்சத்திரக் கூட்டம், தேடறதுல இறங்குனேன்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் லீவு. ஊருக்குப் போகல. பையனோட லேப்டாப்புல வானப் படம் காட்டற அலாடின் லைட் இணையதளத்தைத் திறந்து, தனுசு ராசில பால்வழி மையம் இருக்கற இடத்துல ஆரம்பிச்சு, திருவோணத்துக்குப் பக்கம் வரைக்கும் நகத்திட்டே வந்தேன். கணக்குப் போட்டா 50 பாகை நீளம். பால்வழி நடுக்கோட்டுக்கு மேல 2 பாகை, கீழ 2 பாகை. மொதல்ல டூமாஸ்னு வானம் முழுசையும் அகச்சிவப்புல எடுத்த படம், அப்புறம் அதே இடத்துல சாதாரண ஒளில எடுத்த டிஎஸ்எஸ் படம். ரெண்டையும் மாத்தி மாத்திப் பாப்பேன்.

குறிப்பு எழுத வேற நோட்டு இல்லாம கம்பெனி ரிப்போர்ட் பேடையே எடுத்துக்கிட்டேன். எங்க தொழில்ல நாலு பாயிண்ட் சிஸ்டம்னு ஒண்ணு உண்டுங்க. குறை 3 இஞ்சுக்குள்ளன்னா 1 பாயிண்ட், 6 வரைக்கும் 2, 9 வரைக்கும் 3, அதுக்கு மேல 4. ஓட்டைக்கு மட்டும் தனிக் கணக்கு: சின்ன ஓட்டைக்கே 2, ஒரு இஞ்சைத் தாண்டுனா நேரா 4. அதே மாதிரி வானத்துக்கும் பாயிண்ட் போட்டேன். சிரிக்காதீங்க. ஒன்பது நாள்ல 4 பாயிண்ட் வாங்குனது ரெண்டே இடம்.

"அ": வல ஏற்றம் 18 மணி 48 நிமிடம் 50 விநாடி, நடுவரை விலக்கம் −1 பாகை 30 (வானத்துல இடம் குறிக்கற ரெண்டு எண்ணுங்க). டிஎஸ்எஸ் படத்துல அங்க ஒண்ணுமே விசேசம் இல்லீங்க, சும்மா நாலு நட்சத்திரம் சிதறிக் கெடக்குது. டூமாஸ்ல பாத்தா ஆரஞ்சு நிறத்துல பஞ்சு உருண்டையாட்டம் நிக்குது. நிலா அகலத்துல பத்துல ஒரு பங்கு இருக்கும்.

"ஆ": இது தனுசு பக்கம். இங்க எல்லாம் தலைகீழ். டிஎஸ்எஸ்ல சுத்தியும் கரி பூசுன மாதிரி இருட்டு, நடுவுல மட்டும் கொத்தா நட்சத்திரம் அள்ளி வெச்ச மாதிரி பளிச்சுனு இருக்குது. நெஜமாலுமே கார்த்திகை நட்சத்திரத்தைத் தூரத்துல வெச்ச மாதிரி அழகு. டூமாஸ்ல அவ்வளவு எடுப்பா இல்ல.

எனக்கு "ஆ" மேலதான் நம்பிக்கை. இது ரெண்டும் புதுசான்னு எங்க பாக்கறது? புதுசா இருந்தா யாருகிட்டச் சொல்றது? தப்பா இருந்தாலும் சொல்லுங்க, மனசு விடமாட்டேன். ரோல் ரிஜெக்ட் பண்றவன்தானுங்க நானும்.


மொட்டைமாடி
திங்கள், காலை 7:05

தலைவா, நாலு பாயிண்ட் சிஸ்டத்துக்கே ஒரு சல்யூட்.

நான் படம் பாக்கற ஆள் இல்ல. 8 இஞ்ச் டாப்சோனியன் தொலைநோக்கி வெச்சு மாடில நின்னு கண்ணால பாக்கற கோஷ்டி. அதனால ஒரே ஒரு எச்சரிக்கை. மெசியேன்னு பழைய பிரெஞ்சு வானியலாளர் போட்ட பட்டியல்ல 73-ஆவது பொருள் தெரியுமா? 1780-ல மெசியே கும்ப ராசில நாலு நட்சத்திரம் சேர்ந்து நிக்கறதப் பாத்து, சுத்தி லேசா மூட்டம் இருக்குன்னு எழுதி வெச்சாரு. இருநூறு வருஷத்துக்கு மேல அது கொத்தா இல்லையான்னு சண்டை. 2002-ல நிறமாலை எடுத்துப் பாத்தா, நாலும் வேற வேற தூரம், வேற வேற திசைல ஓடுது. பஸ் ஸ்டாப்ல நிக்கற நாலு பேர ஒரே குடும்பம்னு நினைச்ச கதை. நானே அத எத்தனை தடவை "கொத்து பாத்தாச்சு"ன்னு டைரில டிக் அடிச்சிருக்கேன்!

புதுசான்னு பாக்க அலாடின்லயே சிம்பாட்ங்கற வானப்பொருள் பட்டியல் அடுக்கை ஆன் பண்ணுங்க. பேர் வந்துடும். "அ"வுக்கு நான் பண்ணிப் பாத்துட்டேன், ஆனா விளக்கமா சொல்ல வேண்டியவங்க வருவாங்க, அவங்க சந்தோஷத்தைக் கெடுக்க மாட்டேன்.


கருந்துகள்
திங்கள், இரவு 9:30

பின்னல்துணி, வரிசையா சொல்றேன். கொஞ்சம் நீளும்.

"அ" புதுசு இல்ல. அதோட பெயர் கிளிம்ப்ஸ்-சி01. ஆனா வருத்தப்படறதுக்கு முன்னாடி அதோட கதையைக் கேளுங்க.

நீங்க பார்த்த டூமாஸ் படங்கள் 1997-லிருந்து 2001 வரைக்கும் எடுத்தவை. ரெண்டே ரெண்டு 1.3 மீட்டர் தொலைநோக்கி, ஒண்ணு அரிசோனாவில் ஹாப்கின்ஸ் மலையில, இன்னொண்ணு சிலியில் செர்ரோ தொலொலோவில. வானத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் கொடுத்த நேரம் மொத்தம் 7.8 விநாடி. அவ்வளவுதான். அதிலேயே 47 கோடிப் புள்ளிகள் பட்டியலாச்சு. 2003-ல முழுசும் பொதுவுக்கு வந்தது. ஆக இந்தப் பஞ்சு உருண்டை யார் வேணும்னாலும் பார்க்கற இடத்துலதான் கிடந்தது.

கவனிச்சது 2004-ல. அதுக்கு முந்தின ஆகஸ்டில் ஏவின ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி, 85 செ.மீ. கண்ணாடி, பால்வழித் தளத்தை 3.6 முதல் 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை நாலு அலைநீளத்தில் வரைஞ்சுகிட்டிருந்தது. அந்த ஆய்வுக்குப் பெயர்தான் கிளிம்ப்ஸ். வயோமிங் பல்கலைக்கழகத்துக்காரங்க அந்தப் படத்தில் இதைப் பிடிச்சு, ஜெல்ம் மலையில இருக்கற தங்களோட 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பி உறுதி பண்ணாங்க. நீங்க லேப்டாப்பில் ஒன்பது நாளில் கண்ணாலயே அதே இடத்தில் வந்து நின்னிருக்கீங்க. இதை நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லல. உங்க கண் வேலை செய்யுதுங்கறதுக்கு இதைவிட நல்ல பரீட்சை இல்ல. பழைய கொத்துகளைத் திரும்பக் கண்டுபிடிக்காத முறையை யாரும் நம்ப மாட்டாங்க.

டிஎஸ்எஸ்-ல ஏன் ஒண்ணுமே தெரியலன்னு கேட்கலாம். அந்தத் திசையில நமக்கும் கொத்துக்கும் நடுவுல இருக்கற தூசி, கண்ணுக்குத் தெரியற ஒளியை 15 மேக்னிடியூட் (வானியலில் பிரகாசத்தை அளக்கற அலகு) அளவுக்கு மங்க வைக்குது. அஞ்சு மேக்னிடியூட்னா நூறு மடங்கு. பதினஞ்சுன்னா பத்து லட்சம் மடங்கு. அதாவது பத்து லட்சம் துகள் ஒளி கிளம்பினா ஒண்ணு வந்து சேருது. 2.2 மைக்ரான் அகச்சிவப்பில், டூமாஸில் "கே" பட்டைன்னு சொல்றோமே அதில், மங்கல் கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்குதான், சுமார் 1.7. கணக்குப் போட்டா அஞ்சில் ஒண்ணு வந்து சேருது. பத்து லட்சத்தில் ஒண்ணு எங்கே, அஞ்சில் ஒண்ணு எங்கே! தூசித் துகள் ரொம்பப் பொடி, பெரும்பாலும் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவு. தன்னைவிட ரொம்ப நீளமான அலையை அதால அவ்வளவா தடுக்க முடியாது.

பால்வழி மையத்துக்கே போனா இன்னும் மோசம். அங்கே காட்சி ஒளியில் 30 மேக்னிடியூட், லட்சம் கோடியில் ஒரு பங்கு. கே பட்டையில் பதினாறில் ஒண்ணு போல வரும். ஆர்ச்சஸ், குவின்டப்லெட்னு ரெண்டு பிரமாதமான இளம் கொத்துகள் மையத்திலிருந்து சுமார் 100 ஒளியாண்டில் இருக்கு. எத்தனை பெரிய தொலைநோக்கி வெச்சாலும் சாதாரண ஒளியில் அதுங்களைப் பார்த்தவர் யாரும் கிடையாது.

"அ"வின் ஆரஞ்சு நிறமும் இதுதான். டூமாஸ் கலர் படத்தில் அலைநீளம் குறைஞ்ச ஜே பட்டை நீலம், நடுவுல இருக்கற எச் பச்சை, நீளமான கே சிவப்பு. தூசி முதல்ல ஜே-யைத் தின்னும், அப்புறம் எச். மிஞ்சறது கே. அதனால தூசிக்குப் பின்னாடி இருக்கறது எல்லாமே செம்மையா வரும்.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம், அது என்னன்னு இன்னும் சண்டை ஓயல. கண்டுபிடிச்சவங்க ரொம்பப் பழைய கோளக் கொத்துன்னாங்க, அதாவது பந்து மாதிரி நெருங்கி நிக்கற நட்சத்திரக் கூட்டம். 2011-ல இன்னொரு குழு, இல்ல, இது சில நூறு மில்லியன் ஆண்டே ஆன கனமான கொத்துன்னு வாதாடிச்சு. 2018-ல ஹபிள் படம் வெச்சுப் பார்த்தவங்க மறுபடி பழசு பக்கம் சாய்ஞ்சாங்க. தூரமே 10,000 ஒளியாண்டுன்னும் 16,000-னும் ரெண்டு கணக்கு. தூசியோட அளவில் கொஞ்சம் தப்பினா தூரம் தப்பும், தூரம் தப்பினா வயசு தப்பும்.

இப்போ "ஆ". நீங்க அதிகம் நம்பினது. நான் கொஞ்சமும் நம்பாதது.

நீங்க எழுதினதிலேயே விடை இருக்கு. காட்சி ஒளியில் எடுப்பா இருக்கு, சுத்தி இருட்டு, அகச்சிவப்பில் மங்கிப் போகுது. மறைஞ்ச கொத்துன்னா இதுக்கு நேர் எதிரா இருக்கணும். ஒரு வேலை பண்ணுங்க. கலர் படத்தை விடுங்க. ஜே பட்டை மட்டும் தனியா, கே பட்டை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. கே-யில் சுத்தி இருக்கற இருட்டில் என்ன நடக்குதுன்னு மட்டும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. உங்க தொழில் தெரிஞ்ச ஆளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல.


பின்னல்துணி
செவ்வாய், அதிகாலை 2:17

அண்ணா, நைட் ஷிப்ட் பிரேக்ல உக்காந்து எழுதறேன்.

பாத்துட்டேனுங்க. ஜே-ல கொத்து தெரியுது, சுத்தி கொஞ்சம் இருட்டு. கே-க்கு மாத்துனா சுத்தி இருந்த இருட்டே காணோம்! எல்லாப் பக்கமும் ஒரே சீரா நட்சத்திரம் நெறைஞ்சு போச்சு, நடுவுல இருந்தது அதுக்குள்ள கரைஞ்சு, எது கொத்துன்னே தெரியல.

ஒரு நிமிசம் ஒண்ணும் ஓடல. அப்புறம் தலை நிமிந்தா எதுக்க மெசின்ல கருப்புத் துணி ஒண்ணு ஓடிட்டு இருக்குது, பின்னாடி லைட்டு. துணில ஒரு ஓட்டை. ஓட்டை வழியா ட்யூப்லைட் பளிச்சுனு தெரியுது. லைட்டு ஓட்டைக்குள்ள மட்டுமா இருக்குது? ரோல் அகலம் பூராவும்தான் எரியுது.

பதினாறு வருசமா இதையே பாத்துட்டு, வானத்துல வந்ததும் தூசில இருக்கற ஓட்டையைப் போய் நட்சத்திரக் கொத்துன்னு சொல்லிருக்கேன் பாருங்க. 4 பாயிண்ட் குடுத்தது சரிதான், ஆனா ஓட்டைங்கற கணக்குல குடுத்திருக்கோணும்.

ஒரு சந்தேகம். "அ" அளவுக்குப் பெருசா இல்லாம, லேசா ஒரு கும்பல் மாதிரி தெரியற இடம் நெறைய இருந்துச்சு. அதுக்கெல்லாம் 1, 2 பாயிண்ட்தான் போட்டேன், மொத்தம் நூத்திப் பதினொண்ணு. அதுல நெஜம் எதுன்னு எப்படிப் பிரிக்கறது?


கருந்துகள்
செவ்வாய், இரவு 8:50

அண்ணா இல்ல, அக்கா. பரவாயில்ல.

கருப்புத் துணி உதாரணத்தை நான் வகுப்பில் எடுத்துக்கப் போறேன், அனுமதி கேட்கல.

ஓட்டையைக் குறைச்சு மதிப்பிடாதீங்க. 1940-களில் வால்ட்டர் பாடேங்கற வானியலாளர் பால்வழி மையத்தைப் பார்க்க வழி தேடினப்போ, மவுண்ட் வில்சனில் 100 இஞ்ச் தொலைநோக்கி வெச்சுகிட்டு அவர் செஞ்சது ஓட்டை தேடறதுதான். தனுசில், என்ஜிசி 6522-ங்கற கோளக் கொத்துக்குப் பக்கத்தில் தூசி மெலிஞ்ச ஒரு இடம். அது வழியா மையப் பகுதியோட நட்சத்திரங்களை ஆராய்ஞ்சார். இன்னைக்கும் அதுக்குப் பாடே ஜன்னல்னுதான் பெயர்.

நூத்திப் பதினொண்ணுக்கு வருவோம். முதல்ல ஒரு கசப்பான கணக்கு. நீங்க அலசின பட்டை 50-க்கு 4 பாகை, 200 சதுர பாகை. ஒரு கும்பல் 2 ஆர்க்மினிட் (ஒரு பாகையில் அறுபதில் ஒண்ணு ஒரு ஆர்க்மினிட்) ஆரம்னு வெச்சா, அந்தப் பட்டையில் ஏறத்தாழ 57,000 வட்டம் அடங்கும். ஒரு வட்டத்தில் சராசரியா 40 நட்சத்திரம் இருக்குன்னு வைங்க. எந்தக் கொத்தும் இல்லாமலேயே, வெறும் தற்செயலில், இந்த எண்ணிக்கை 40-ன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது ஆறு ஆறரை, கூடக் குறைய ஆடும். 58 இருக்கற வட்டத்தைப் பார்த்தா கண்ணு நிக்கும்தான். ஆனா அந்த அளவு மிகை, ஆயிரத்துக்கு ரெண்டு வட்டத்திலாவது சும்மாவே வரும். 57,000 வட்டத்தில் நூறைத் தாண்டி வரும். உங்ககிட்ட இருக்கறது நூத்திப் பதினொண்ணு. புரியுதா?

இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. 2007-ல டூமாஸ் பட்டியலை வெச்சு, நட்சத்திர அடர்த்தியைக் கணினி கொண்டு எண்ணி, 1021 புதிய வேட்பாளர்களை, அதாவது கொத்தா இருக்கலாம்னு சந்தேகப்படற இடங்களை, ஒரு குழு வெளியிட்டாங்க. எஃப்எஸ்ஆர் எண்கள்னு இன்னும் புழக்கத்தில் இருக்கு. அதில் பாதி போலியா இருக்கும்னு அவங்களே நேர்மையா எழுதியிருந்தாங்க. நல்லதும் கிடைச்சது, குப்பையும் கிடைச்சது.

நான் குப்பையில் சிக்கினவ. ஆராய்ச்சிப் படிப்பில் இரண்டாம் வருஷம். ஒரு பட்டியலில் இருந்து (எந்தப் பட்டியல்னு வேண்டாம்) ஒரு வேட்பாளரை எடுத்தேன். அழகான சிவந்த கும்பல். நாலு மாசம். வயசு, தூரம், நிறை எல்லாம் கணக்குப் போட்டு முடிச்சு, படம்கூட வரைஞ்சாச்சு. அந்த வட்டத்தோட ஓரத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரம் இருந்ததை நான் கண்டுக்கல. பிரகாசமான நட்சத்திரத்தைச் சுத்தி கருவியிலேயே ஒளி சிதறும், முள் முள்ளா கீற்று வரும். அந்தக் கீற்று மேல பட்டியல் போடற மென்பொருள் இல்லாத புள்ளிகளைப் போட்டுடும், இருக்கற மங்கல் நட்சத்திரங்களை விட்டுடும். என்னோட "கொத்தின் உறுப்பினர்கள்" பதினெட்டில் பதினொண்ணு அந்தக் கீற்று மேல ஒரு நேர்கோட்டில் உட்கார்ந்திருந்தாங்க. என் வழிகாட்டி படத்தின் மேல ஒரு அடிக்கோலை வெச்சுக் காட்டினார். ஒண்ணும் பேசல. அடிக்கோலை எடுத்துகிட்டுப் போயிட்டார்.

அதிலிருந்து நான் கண்ணால பார்க்கறதுக்கு முன்னாடி எண்ணுவேன். நீங்களும் எண்ணலாம். டாப்கேட்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதுக்குள்ளேயே டூமாஸ் பட்டியலை இறக்கிக்கலாம். சந்தேகப்பட்ட இடத்தை மையமா வெச்சு 10 ஆர்க்மினிட் ஆரத்துக்கு எடுங்க. உள்ளே 2 ஆர்க்மினிட் வட்டம் ஒண்ணு. வெளியே 8-லிருந்து 10 வரைக்கும் ஒரு வளையம். வளையத்தோட பரப்பு உள்வட்டத்தைப் போல 9 மடங்கு. வளையத்தில் இருக்கறதை 9-ஆல் வகுத்தா, உள்ளே சாதாரணமா எத்தனை இருக்கணும்னு வரும். அதை ஜே-க்குத் தனியா, கே-க்குத் தனியா பண்ணுங்க. ஜே-யில் மட்டும் மிகைன்னா ஓட்டை. கே-யில் மிகை நிக்குதுன்னா அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்த படிதான் சுவாரசியம். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஜே கழித்தல் கே, அதாவது நிறம், குறுக்கே. கே பிரகாசம் நெடுக்கே, பிரகாசமானது மேலே வர்ற மாதிரி. உள்வட்டத்துக்கு ஒரு படம், வளையத்துக்கு ஒரு படம். ஒண்ணாப் பிறந்து ஒரே தூரத்தில் இருக்கற கூட்டம்னா அந்தப் படத்தில் ஒரு கோடு பிடிச்சு நிக்கும். தற்செயல் கும்பல்னா உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி பரந்து கிடக்கும். தறியில் வேற லாட் நூல் கலந்தா சாயம் போட்ட பிறகு ஒரு பட்டையா தெரியும்னு சொல்வாங்களே, கிட்டத்தட்ட அது.

ஒரு விதிவிலக்கு. "அ" மாதிரி நெருக்கமான கொத்தில் இந்த எண்ணிக்கை முறை நடுவுல தோத்துப் போகும். டூமாஸின் ஒரு பிக்சல் 2 ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் அறுபதில் ஒண்ணு ஒரு ஆர்க்செகண்ட்). நூறு நட்சத்திரம் ஒரே மூட்டமாத்தான் பதியும், பட்டியலில் நடுப்பகுதி காலியாக்கூட வரலாம். கணினி எண்ணிட்டே போறப்போ அதைத் தாண்டிடும், மனுஷக் கண்ணு நிக்கும். 2000-ல டூமாஸிலேயே மறைஞ்ச கோளக் கொத்து ரெண்டு கிடைச்சது, தேடிப் போகாம, படம் பார்த்துகிட்டிருந்தப்போ தற்செயலா.


நெசவுக்கணினி
செவ்வாய், இரவு 10:15

குறுக்கிடறேன். இதெல்லாம் கையால பண்ணணுமா? கையா (Gaia) விண்வெளித் தொலைநோக்கியோட தரவை எடுத்து, கூட்டம் கூட்டமா பிரிக்கற கிளஸ்டரிங் நிரல்ல போட்டா ராத்திரிக்குள்ள முடிஞ்சிடுமே. 2023-ல ஒரு குழு அப்படிப் பண்ணி 7167 கொத்துப் பட்டியல் போட்டுட்டாங்க. ஒவ்வொரு நட்சத்திரமும் வானத்துல எந்தத் திசைல எவ்வளவு வேகமா நகருதுன்னு கையா அளந்து வெச்சிருக்கு. சேர்ந்து நகர்ந்தா கொத்து, இல்லைன்னா இல்ல. முடிஞ்சது கதை.


கருந்துகள்
செவ்வாய், இரவு 10:52

நெசவுக்கணினி, நீங்க சொல்றது முக்கால்வாசி சரி. பழைய பட்டியல்களைச் சலிச்சதில் கையாவை மிஞ்ச ஆள் இல்ல. மொட்டைமாடி சொன்ன மெசியே 73-ஐயும் சேர்த்து, என்ஜிசிங்கற பழைய வானப்பொருள் பட்டியலில் நாலு "கொத்துகள்" கொத்தே இல்லன்னு 2018-ல அதை வெச்சுத்தான் மறுபடி காட்டினாங்க.

ஆனா கையா பார்த்தது காட்சி ஒளி. "அ"வின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளியில் கையா என்ன அளந்திருக்கும்? தூசிக்குப் பின்னாடி அதுக்கு வேலையே இல்ல. அங்கே அகச்சிவப்புதான். சிலியில் பரனாலில் 4.1 மீட்டர் விஸ்டா தொலைநோக்கி 2010-லிருந்து பால்வழியின் நடுப்பகுதியை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம் எடுத்தது. விவிவி ஆய்வுன்னு பெயர். 2011-லேயே 96 புதிய கொத்துகளை அறிவிச்சாங்க, முன்னாடி யாரும் பார்க்காதது. திரும்பத் திரும்ப எடுத்ததால், கையா எட்டாத இடத்தில் நட்சத்திரங்களோட நகர்வையும் அதில் அளக்கலாம். அதை வெச்சு, அந்த ஆய்விலேயே முன்னாடி அறிவிச்ச கோளக் கொத்து வேட்பாளர்கள் பலதையும் பிறகு ரத்து பண்ணாங்க. பின்னல்துணி, பார்த்தீங்களா, எல்லாரும் ரோல் ரிஜெக்ட் பண்றவங்கதான்.

யாருகிட்டச் சொல்றதுன்னு கேட்டிருந்தீங்க, மறந்துட்டேன். அமெச்சூர்கள் கண்டுபிடிச்சு அங்கீகாரம் வாங்கினது நிறைய உண்டு. "டீப் ஸ்கை ஹன்டர்ஸ்"னு ஒரு கூட்டம். பிரேசிலில் அலெஸ்ஸி, ஆஸ்திரியாவில் க்ரோன்பெர்கர், டாய்ட்ஷ், அமெரிக்காவில் பாட்சிக்னு வேற வேற ஊர்க்காரங்க. நீங்க பண்ணின அதே வேலை, டிஎஸ்எஸ் படமும் டூமாஸ் படமும். 2006-ல அவங்க வேட்பாளர்கள் முறையான ஆய்விதழில் கட்டுரையா வந்தது. பாட்சிக் குறிச்ச 99-ஆவது பொருள் உண்மையிலேயே கோளக் கொத்துதான்னு விவிவி தரவு வெச்சு 2021-ல உறுதியாச்சு.

அதனால நூத்திப் பதினொண்ணையும் தூக்கிப் போட வேண்டாம். கே எண்ணிக்கையில் தேறினதை மட்டும் இங்கே போடுங்க. நிறப் படம் சேர்ந்து பார்ப்போம்.


பின்னல்துணி
ஞாயிறு, மாலை 4:20

அக்கா, ஒரு வாரம் ஆச்சு. டாப்கேட்டைப் பையன்தான் ஏத்திக் குடுத்தான். மொதல் ரெண்டு நாள் எண்ணுனது பூரா தப்பு. வளையத்தை 9-ஆல வகுக்க மறந்துட்டேன். எல்லா இடமும் ஓட்டைக்கு நேர்மாறா, கொத்தே இல்லாத பள்ளமாட்டம் வந்துச்சு. அப்பறம் தெளிஞ்சுது.

நூத்திப் பதினொண்ணுல எண்பத்தி ரெண்டு எண்ணிக்கைலயே போச்சு. பன்னெண்டு ஓட்டை. அஞ்சு, நீங்க சொன்ன மாதிரி பக்கத்துல பெரிய நட்சத்திரம்; அடிக்கோல் வெச்சே பாத்தேன், மூணு நேர்கோட்டுல நிக்குது. மிச்சம் பன்னெண்டு. சிம்பாட்ல போட்டா அதுல ஒன்பதுக்கு ஏற்கெனவே பேர் இருக்குது. பேர் இல்லாதது மூணு. நிறப் படம் போட்டதுல ஒண்ணு உள்ளயும் வெளியயும் ஒரே மாதிரி. இன்னொண்ணு புரியல. மூணாவதுல வலப்பக்கமா, சிவப்புப் பக்கமா, ஒரு பத்துப் புள்ளி கோடு புடிச்ச மாதிரி இருக்குது. மாதிரிதானுங்க. பதினொண்ணாவதைச் சேத்தா கோடு, எடுத்தா கும்பல். நம்ப மாட்டேன்னு கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். மூணு படத்தையும் கீழ இணைச்சிருக்கேன், பாத்துட்டுச் சொல்லுங்க.


மொட்டைமாடி
ஞாயிறு, மாலை 6:48

படத்தை அக்கா பாக்கட்டும். எனக்கு வேண்டியது வேற. அந்த "ஆ" இருக்கே, ஓட்டை, அதோட சரியான இடத்தை மட்டும் அனுப்புங்க. நீங்க கண்டுபிடிச்சதுல நான் கண்ணால பாக்கக்கூடியது அது ஒண்ணுதான். தனுசு இப்ப சாயங்காலமே சாஞ்சுடுது, மாசில விடிகாலை மேல வரும். ஏலகிரிக்கு ஸ்கோப்பைத் தூக்கிட்டுப் போறேன். திருப்பூர்ல இருந்து ரயில் ஏறினா ஜோலார்பேட்டைல வந்து கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு.